கரைமேல் யாரோ புல் வெட்டுகிறார்கள்

அத்தியாயம் 4

"பேய்க்கு இடதுகைப் பழக்கம் இருக்குமா சார்?" என்று வாயாடி கேட்டாள்.

ஆந்தை மண் கரையின் சரிவில் குப்புறப் படுத்து, ஒரு கன்னத்தைத் தரையில் வைத்து, வெட்டிய புல்லின் அடிக்கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் இமைக்க மறந்திருந்தன. துப்பறிகிறவர் என்று வாசலில் பலகை மாட்டியிருந்தாலும் எல்லாரும் அவரை ஆந்தை என்றுதான் சொன்னார்கள். உதவியாளருக்கு வாயாடி என்ற பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அவள் யாருக்கும் இடைவெளி கொடுத்ததில்லை.

"பேய்க்குக் கால் இருக்காதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். கையைப் பத்தி யாரும் சொன்னதில்ல. அதான் கேட்டேன்."

"பேயைப் பத்தித் தெரியாது. இந்தத் துண்டை வெட்டினவருக்கு இடதுகைப் பழக்கம்."

அவர் எழுந்து சட்டையைத் தட்டினார். புது வெட்டின் பச்சை வாசனை காற்றில் நின்றது. வானம் மூன்று நாட்களாக இறங்கியே இருந்தது. மழை மட்டும் வரவில்லை.

அது ஆற்றை மறிக்கும் பெரிய அணை அல்ல. ஓர் ஓடையின் குறுக்கே, ஒரு குடும்பம் தன் சொந்த நிலத்தில் போட்ட மண் கரை. ஆண்டின் பெரும்பகுதி அதன் பின்னால் வெறும் பள்ளம்தான். பெருமழையில் மட்டும் ஓடை வீங்கி வந்து அந்தப் பள்ளத்தில் தேங்கும். கரையின் அடியில் பதித்த குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும். கரைக்குக் கீழே ஒரு தெரு. கரை இல்லையென்றால் தெரு இல்லை.

அந்தக் குடும்பத்தில் கரையைப் பார்த்துக்கொண்டவரைத் தெருவே கரைக்காரர் என்று அழைத்தது. போன மழையில், கரை உடையப் பார்த்த அன்று, அவர் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை. ஓடை கொண்டுபோய்விட்டது என்றார்கள். ஆனால் அடுத்த வாரத்திலிருந்தே கரையில் யாரோ புல் வெட்ட ஆரம்பித்தார்கள். அவர் வெட்டியது போலவே. வாரத்துக்கு ஒரு துண்டு.

அவர் மனைவி கரைக்காரம்மா சரிவின் அடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐம்பது வயதிருக்கும். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பார்ப்பவர்களை நினைக்கவைக்கும் முகம்.

"வெட்டறப்போ நீங்க பார்த்திருக்கீங்களாம்மா?" என்று ஆந்தை கேட்டார்.

"இல்ல சார்."

"உங்க வீட்டு ஜன்னலைத் திறந்தா கரை முழுக்கத் தெரியுமே."

"தெரியும். திறக்கல. பார்த்துட்டா நின்னு போயிடுமோன்னு பயம்."

வாயாடியின் நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. அதை விழுங்கிவிட்டாள். அவள் பதிலை விழுங்குவது அபூர்வம் என்பதால் ஆந்தை திரும்பிப் பார்த்தார்.

"கீழேயிருந்து மேல வெட்டிக்கிட்டுப் போயிருக்கு" என்றாள் கரைக்காரம்மா. "வெட்டின புல்லை அப்படியே போடாம வாரி எடுத்துருக்கு. முளைச்ச செடிங்களை வேரோட பிடுங்கி, வேர் மேல பார்க்கக் கல்லு மேல வச்சிருக்கு. கரையில மரம் வளர்ந்தா வேர் வழியாத் தண்ணி உள்ள போகும்னு அவர் ஒண்ணு விடாம பிடுங்குவார். இதெல்லாம் வேற யாருக்கு சார் தெரியும்?"

"தினம் அவரைப் பார்த்துக்கிட்டே இருந்தவங்களுக்கு" என்றார் ஆந்தை.

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "இந்த மழைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். அவர் எங்கேயோ இருக்கார்னா காத்திருப்பேன், எத்தனை மழை ஆனாலும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்க முடியல. சாப்பாடு இறங்கல."

"அவருக்கு எந்தக் கைப் பழக்கம்?"

"வலதுகைதான்."

ஆந்தை தலையசைத்தார்.

அவள் வீட்டுக்குத் திரும்பிப் போகும்வரை காத்திருந்து, வாயாடியைச் சரிவில் கூட்டிக்கொண்டு போனார். "மூணு துண்டைப் பாரு. என்ன தெரியுது?"

"புல்லு தெரியுது சார்."

"இது இடதுகை. அரிவாளை அந்தப் பக்கம் இழுத்திருக்கு, கட்டையெல்லாம் இந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு. இப்ப அடுத்த துண்டு. ஓரத்தைப் பாரு."

ஓரம் ஒரு கோடு போல இருந்தது. இரு முனையிலும் குச்சி நட்ட சின்னத் துளைகள். கயிறு கட்டி, அளந்து, அதற்குப் பிறகுதான் வெட்டியிருந்தார்கள். அதுவும் அரிவாளால் அல்ல. ஒவ்வொரு புல்தாளும் இரண்டு பக்கமும் நசுங்கி நறுக்கப்பட்டிருந்தது.

"கத்தரிக்கோல்" என்றாள் வாயாடி. "கரைக்குச் சட்டை தைக்கப் போறாங்களா சார்?"

"நீயே சொல்லிட்ட. மூணாவது?"

மூன்றாவது துண்டின் நடுவில் ஓர் எல்லைக்கல் நின்றது. கல்லை ஒட்டிப் புல் மிகக் குட்டையாக இருந்தது. தள்ளிப் போகப்போக கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, எங்கே மாறுகிறது என்று தெரியாமல் மற்ற புல்லோடு கலந்தது.

வாயாடி கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். "காதோரம் இறக்கி விட்டிருக்காங்க."

"வா. தெருவுக்குப் போவோம்."

"ஒரு பேய், மூணு தொழில். குடும்பம் பெரிசு போல."

*

தையல் கடையில் பகலிலேயே விளக்கு எரிந்தது. பெரிய ஜன்னல் இருந்தது. அதன் வழியாகக் கரை முழுதும் தெரிந்தது. தையல்காரர் மட்டும் இயந்திரத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தன் நிழல் துணிமேல் விழ, அந்த நிழலுக்குள் ஊசியைத் தேடித் தைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்கு முதுகு காட்டும் தையல்காரரை வாயாடி அன்றுதான் பார்த்தாள்.

"கைப்பை வார் அறுந்துபோச்சுண்ணே. கொஞ்சம் பார்க்கறீங்களா?"

"உட்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். சும்மா உட்காரத் தெரியாது என்பதால் உதட்டைக் குவித்து ஒரு பாட்டை விசிலில் ஆரம்பித்தாள்.

இயந்திரம் தடதடவென்று ஓடி நின்றது. தையல் வாரை விட்டு விலகி, அவருடைய சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்திருந்தது.

"விசில் அடிக்காதீங்கம்மா" என்றார். குரல் மெதுவாகத்தான் வந்தது. நெற்றியில் வியர்வை இருந்தது.

"நான் அவ்வளவு மோசமாவா பாடறேன்?"

அவர் சிரிக்கவில்லை. பற்களால் நூலைக் கடித்துச் சட்டையை விடுவித்தார்.

ஆந்தை நிலைக்கதவில் சாய்ந்து நின்றார். "கரைக்காரர் உங்களுக்குப் பழக்கமா?"

"பழக்கம்தான். அவர் தண்ணியோட போயிட்டார் சார். எங்களைக் கரை சேர்த்துட்டு அவர் போயிட்டார்."

நாலு கடை தள்ளி மருந்துக்கடை. மருந்துக்கடைக்காரர் மெலிந்தவர், சுத்தமானவர். மாத்திரை அட்டையை இடது கையால் கத்தரித்தார். வலது கையின் இரண்டு விரல்களில் கட்டுப் போட்டிருந்தது.

"விரலுக்கு என்னாச்சு சார்?" என்றாள் வாயாடி.

"தகரம் கிழிச்சுடுச்சு."

"தகரத்துக்குப் பச்சைக் கறை இருக்குமா?"

அவர் கையை மேசைக்குக் கீழே இறக்கினார். வாயாடி இருமல் மருந்து வாங்கினாள். வெளியேறும்போது, ஆந்தையின் கண் ஜாடையில், நாலு சுரம் விசில் அடித்தாள். பின்னால் ஏதோ கண்ணாடிக் குப்பி உருண்டு விழுந்தது. அது உடைந்த பிறகும் அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

"தயவு செஞ்சு கடைக்குள்ள வேண்டாம்."

"கரைக்காரர் எப்படிப்பட்டவர் சார்?" என்று ஆந்தை கேட்டார், சில்லறையை வாங்கிக்கொண்டே.

"அவர் தண்ணியோட போயிட்டார். எங்களைக் கரை சேர்த்துட்டு அவர் போயிட்டார்."

தெருவுக்கு வந்ததும் வாயாடி கேட்டாள். "இது என்ன சார், தெரு முழுக்க மனப்பாடப் பகுதியா? பரிட்சை வச்சா எல்லாரும் பாஸ் ஆயிடுவாங்க போலிருக்கே."

"நடந்ததை நினைச்சுச் சொல்றவங்க ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வாங்க. ஒருத்தர் மழையைச் சொல்வார், ஒருத்தர் செருப்பைச் சொல்வார். சேர்ந்து உட்கார்ந்து முடிவு பண்ணினதுதான் ஒரே மாதிரி வரும்."

"கொலையா சார்?"

ஆந்தை கரையைப் பார்த்தார். தெருவில் போன யாரும் அதைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடப் பையோடு போனவர்கள்கூட. கரைப்பக்கம் இருந்த ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சிலவற்றில் ஆணி அடித்துத் துணி கட்டியிருந்தது. அத்தனை பேரும் அதன் நிழலில் வாழ்ந்துகொண்டு, அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தாடி வளர்ந்திருக்கு எனக்கு" என்றார்.

*

சலூனில் ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர்க் கண்ணாடியில் வாசலும், வாசலுக்கு வெளியே கரையும் தெரிய வேண்டும். கண்ணாடியின் மேல்பாதியில் பழைய காலண்டர் அட்டைகள் ஒட்டியிருந்தன. வாடிக்கையாளருக்கு மோவாய் மட்டும் தெரிந்தது.

சலூன்காரர் பருத்த, அமைதியான மனிதர். நுரையைக் குழைத்துப் பூசினார். கத்தியைத் தீட்டி ஒரு கன்னத்தை மழித்தார். ஆந்தை தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தைக் கொடுத்தார்.

"எல்லைக்கல்லைச் சுத்திப் புல்லை இறக்கி விட்டிருக்கீங்க" என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "நல்ல கை."

கத்தி தொண்டைக்குழிக்கு மேலே நின்றது.

"அண்ணே" என்றாள் வாயாடி, பெஞ்சிலிருந்து எழாமல். "முதல்ல அதை மடக்குங்க. சாருக்குச் சட்டை நிறைய இருக்கு, கழுத்து ஒண்ணுதான்."

கத்தி மடங்கவில்லை. விலகவும் இல்லை. கத்தி நுனி பட்டு நுரையில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது.

"ஒரு துண்டு நீங்க. கயிறு கட்டி வெட்டினது தையல்காரர். இடதுகை மருந்துக்கடைக்காரர். மத்த துண்டுகளையும் போய்ப் பார்த்தா தெருவுல பாக்கி இருக்கறவங்களும் தெரிவாங்க. முறை போட்டு வெட்டறீங்க. ஏன்?"

"கரை சுத்தமா இருக்கணும் சார். புல்லு வளர்ந்தா கசிவு தெரியாது. அவர் சொல்லிக் குடுத்தது."

"அதுக்கு எதுக்கு ஒளிஞ்சு வெட்டணும்? அந்தம்மாகிட்ட சொல்லிட்டே வெட்டலாமே. அவங்க புருஷன்தான் வெட்டறார்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க, தெரியுமா?"

சலூன்காரர் கத்தியை மடக்கினார். அதை மேடையில் வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் எங்கே?" என்று ஆந்தை கேட்டார்.

"உள்ள இருக்கார்."

வாயாடி திரும்பி, சலூனின் உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

"அங்க இல்லம்மா" என்றார் சலூன்காரர். "கரைக்குள்ள."

பிறகு அவர் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பெருச்சாளி வளை சார். அவ்வளவுதான் ஆரம்பம். அன்னைக்கு மத்தியானமே இருட்டிப்போச்சு. பள்ளம் நிறைஞ்சு கரை விளிம்புவரை தண்ணி. நாங்க எல்லாரும் மேலதான் இருந்தோம், மூட்டை கைமாத்திக்கிட்டு. தெருப்பக்கச் சரிவுல தண்ணி வந்துச்சு. தெளிவா கசிஞ்சா பயமில்லம்பார். கலங்கலா வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். கலங்கலாத்தான் வந்துச்சு. பார்த்துக்கிட்டிருக்கறப்பவே மேல ஒரு குழி விழுந்துச்சு. அவர் உள்ள இறங்கிட்டார், மூட்டையை அமுக்கி அடைக்க. பக்கவாட்டு மண்ணு அப்படியே சரிஞ்சு, நெஞ்சு வரைக்கும் மூடிடுச்சு."

"இழுக்கலையா?"

"இழுத்தோம். ஈர மண்ணு சார், விடல. தோண்டி எடுக்க நேரம் வேணும். தண்ணி நாலு மூச்சுகூடக் குடுத்திருக்காது. கீழ எங்க வீடுங்க. வீட்டுக்குள்ள குழந்தைங்க, படுத்த படுக்கையா அம்மா, அப்பா எல்லாரும். அப்ப அவரே சொன்னார். என்னை விட்டுடுங்க, மண்ணைப் போடுங்க."

ஆந்தை கண்ணைத் திறந்தார்.

"அவரே சொன்னாரா?"

"அவரே சொன்னார். என்னை விட்டுடுங்க, மண்ணைப் போடுங்க."

ஆந்தை நுரையோடு எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு பக்கம் மழித்தும் மறுபக்கம் மழிக்காமலும் இருந்தது.

"இதை என்கிட்ட சொன்னது போதாது" என்றார். "வாங்க."

*

தையல்காரரும் மருந்துக்கடைக்காரரும் கூப்பிடாமலே சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்து, கரைக்காரம்மா வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். உள்ளே வந்தவர்கள் மூவர்தான். உட்காரச் சொன்னாள். யாரும் உட்காரவில்லை.

சலூன்காரர் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். குழி விழுந்த இடம் வந்தபோது கண்ணை மூடினாள். கடைசி வாக்கியத்துக்குக் கண்ணைத் திறந்தாள்.

"என்னன்னு சொன்னார்?"

"என்னை விட்டுடுங்க, மண்ணைப் போடுங்க." இதை மூன்று பேரும் சொன்னார்கள். ஒன்றாக.

"வாயாலயா?"

தையல்காரர் சலூன்காரரைப் பார்த்தார்.

அவள் ஆந்தையிடம் திரும்பினாள். "சார், கரைமேல ஏறிட்டா அவர் வாயைத் திறக்க மாட்டார். தண்ணிச் சத்தத்துல ஒருத்தர் ஒண்ணு சொல்ல இன்னொருத்தர் வேற கேட்டுத் தொலைப்பாங்கன்னு, எல்லாம் விசில்தான். குட்டையா ஊதினா மூட்டை கொண்டான்னு அர்த்தம். நீளமா ஊதினா நிறுத்து, இறங்குன்னு அர்த்தம். ஒவ்வொரு மழைக்கு முன்னாடியும் தெருவையே மேல நிக்க வச்சுப் பழக்குவார். டீ வேணும்னாலும் எனக்குக் குட்டை விசில்தான். நானும் மூட்டையான்னு கேட்பேன். சிரிக்கக்கூட மாட்டார், கரைமேல." அவள் மூவரையும் பார்த்தாள். "அவர் வாயில அந்த வார்த்தையைப் போட்டது யாரு?"

வாயாடி ஆந்தையைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து விசில் கேட்ட இடமெல்லாம் எழுந்த பயத்துக்கு இப்போதுதான் பெயர் கிடைத்தது.

"விசில்தான்மா" என்றார் தையல்காரர். "விசில்தான் ஊதினார்."

"எப்படி?"

"குட்டையா. கடைசி வரைக்கும் குட்டைதான். சத்தியமா."

அவளுடைய தோள்கள் இறங்கின. "எனக்கும் கேட்டுது" என்றாள் மெதுவாக. "நான் அந்தக் கோடியில, குழாயைத் திறந்து மூடற சக்கரத்துகிட்ட நின்னேன். நகரக் கூடாதுன்னு சொல்லியிருந்தார். நகரல. மழையில ஒண்ணும் தெரியல. திருப்பித் திருப்பிக் குட்டையாக் கேட்டுச்சு. மூட்டை கேக்கறார், வேலை நடக்குது, கரை நிக்கும்னு நெனச்சேன். சந்தோஷமா இருந்துச்சு."

தண்ணீர் குடித்தாள். அவள் முகம் மாதங்களுக்குப் பிறகு ஏதோ ஒன்றைக் கீழே வைத்தது போல இருந்தது. அவர் இல்லை. ஆனால் அவரே கேட்டிருக்கிறார். அது போதும் என்று அந்த முகம் நினைக்கத் தொடங்கியிருந்தது. விஷயத்தை அங்கேயே விட்டுவிடலாம் என்று ஆந்தைக்குத் தோன்றியது. தொழிலில் முதல்முறையாக ஒரு கேள்வியைக் கேட்காமல் விடலாம் என்று.

அவள் தானே கேட்டுவிட்டாள்.

"குட்டை விசில்னா, அதையே வந்து சொல்லியிருக்கலாமே. நானும் கேட்டிருக்கேன். நம்பியிருப்பேன். அதுக்கு எதுக்கு இத்தனை நாள் தண்ணியோட போயிட்டார்னு கதை? கதை போய், இப்ப எதுக்கு அவர் வாயில வார்த்தை?"

சலூன்காரர் அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

மருந்துக்கடைக்காரர்தான் பேசினார். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு வரைக்கும் மண்ணுங்க. ஈர மண்ணு. அந்த பாரத்துல விலா விரியாது. மூச்சு இழுக்க இடமிருக்காது. நீளமா ஊதணும்னு நெனச்சாலும் குட்டையாத்தான் வரும்."



"அவர் என்ன சொன்னார்னு எங்களுக்குத் தெரியலம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். "போடுங்கன்னாரா, நிறுத்துங்கன்னாரா. அன்னைக்குச் சாயந்தரமே எனக்கு இது உறைச்சுடுச்சு. இவங்ககிட்ட சொல்லாம இருந்திருக்கலாம். சொல்லிட்டேன். அதுக்கப்புறம் யாராலயும் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியல. அதனால அவர் பேசினதா வச்சுக்கிட்டோம்."

வாயாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கரைக்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எந்த இடம், காட்டுங்க."

*

கரையின் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் தள்ளி, தெருப்பக்கமாக. வேறெந்த இடத்தையும் விட அங்கே புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. மூன்று பேர் பாணியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எவருடைய கை என்று சொல்ல முடியாமல் இருந்தது. அந்த இடத்துக்கு முறை கிடையாது என்றும், மனசு கேட்காதபோது யாராவது வந்து வெட்டுவார்கள் என்றும் தையல்காரர் சொன்னார்.

கரைக்காரம்மா அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் மண்டியிட்டாள். தலையைக் கரையின் உச்சி மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"இங்க தாழ்ந்திருக்கு" என்றாள்.

"என்னம்மா?" என்றார் சலூன்காரர்.

"மண்ணு இறங்கியிருக்கு. இடிச்சு இறுக்காம போட்டது. உள்ளயும்…" அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "இறங்கத்தான் செய்யும். தண்ணி ஏறினா முதல்ல இந்த இடத்துலதான் வழியும். வழிஞ்சா அறுக்கும். அறுத்தா கரை நிக்காது."

மேற்கே இடி கேட்டது. அடிவானத்தில் மழை ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத் திரைபோல் தெரிந்தது.

ஆந்தை அவள் பக்கத்தில் குனிந்தார். "நான் போலீஸ்ல சொல்லியாகணும்மா. அவங்க வந்தா தோண்டி எடுத்துடலாம். இத்தனை நாளா நீங்க கேட்டது அதுதானே."

"தோண்டினா கரையைப் பிளக்கணும். மூடறதுக்குள்ள மழை வந்துடும்." அவள் கீழே தெருவைப் பார்த்தாள். அத்தனை சாத்திய ஜன்னல்கள். "போலீஸ்ல சொல்லுங்க சார். இவங்க எங்கயும் ஓட மாட்டாங்க. ஓடறவங்க புல்லு வெட்டிக்கிட்டிருக்க மாட்டாங்க. ஆனா தோண்டறது மழை ஓய்ஞ்ச பிறகு. இது என் கரை. நான்தான் சொல்லணும்."

எழுந்து முழங்காலைத் தட்டினாள்.

"மண்ணு கொண்டாங்க."

யாரும் நகரவில்லை. என்ன கேட்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்திருந்தது. அதனால்தான் நகரவில்லை.

வாயாடி கைப்பையைப் புல்லில் வைத்தாள். கரையடியில் குவித்திருந்த மண்ணுக்கு இறங்கிப் போய், அங்கே கிடந்த கூடையில் இரு கையாலும் அள்ளிப் போட்டாள். தலையில் தூக்கிக்கொண்டு ஏறத் தெரியாமல் இடுப்பில் வைத்துத் தடுமாறி ஏறினாள். பாதி வழியில் சலூன்காரர் வந்து அவளிடமிருந்து கூடையை வாங்கினார். பின்னால் தையல்காரர் இறங்கினார். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வரிசை தானாகவே அமைந்தது.

முதல் கூடை சலூன்காரரின் கையில் இருந்தது. அந்த இடத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து நின்றார். கைகள் சாயவில்லை. கூடையின் ஓரத்திலிருந்து மண் துகள் துகளாக உதிர்ந்தது. முன்பொருமுறை இதே இடத்தில், இதே கைகளோடு நின்றவர், இப்போது அவள் முகத்தைப் பார்த்தார்.

கரைமேல் காற்று ஓய்ந்திருந்தது. வரிசை முழுதும் அசையாமல் அவளைப் பார்த்தது.

கரைக்காரம்மா புல்லைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெருவின் கடைசி வீடுவரை கேட்கும்படி, வாயைத் திறந்து சொன்னாள்.

"போடுங்க."